பதினைந்தாவது கோல்: ஹாக்கியின் விதி, புள்ளி, அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

2022 மே 26 சாயங்காலம். ஆத்தூர் பஜாரில் ஒரு டீக்கடை பெஞ்சில் நானும் என் பள்ளிக்கூடத்து நண்பனும் ஒரே செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியா, இந்தோனேசியா. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு எண் முடிவாகிவிட்டிருந்தது: 15. பாகிஸ்தான் அன்றைக்கு ஜப்பானிடம் 2-3 என்று தோற்றிருந்தது. இந்தியா குறைந்தது 15-0 என்று ஜெயித்தால் அடுத்த சுற்று. 14-0 என்றால் வீடு.

முடிவு 16-0. கோவில்பட்டியின் மாரீஸ்வரனும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி பயிற்சி மையத்தில் வளர்ந்த கார்த்தியும் அந்த அணியில் இருந்தார்கள். அந்த பதினாறில் இரண்டு கார்த்தியுடையவை. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நண்பன் தட்டவில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் நாள் முழுக்க நின்ற களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் சொன்னான்: "ஏல, இது ஆட்டமா, கணக்காடே? அந்த இந்தோனேசியாப் பயலுவள யாராவது பாத்தாங்களா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்கிற பதில். ஒரு தமிழ் எம்.ஏ.காரனுக்கு ஹாக்கியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விதி, அளவீடு, மதிப்பு, தேர்வு ஆகியவை இலக்கிய விமர்சனத்தின் சொற்களும்தான். சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் 'பியாண்ட் எ பவுண்டரி' எழுதியபோது கிரிக்கெட்டை முன்வைத்துக் காலனியத்தையும் நிறத்தையும் வர்க்கத்தையும்தான் பேசினார். கரிசலையும் தீப்பெட்டி ஆபீஸையும் மழையையும் எழுதித் தீர்த்த கோவில்பட்டி வட்டாரத்தில், தெருவுக்குத் தெரு மட்டை தூக்கித் திரிந்த பையன்களைப் பற்றி நான் வாசிக்கக் கிடைத்தது மிகச் சொற்பம். இந்த மௌனமும் ஒரு தேர்வுமுறையின் விளைவுதானோ என்னவோ.

2

விதிகளில் இருவகை உண்டு என்பார் மொழித் தத்துவவாதி ஜான் சியர்ல். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றை ஒழுங்குபடுத்தும் விதி ஒன்று. அந்தச் செயலையே உண்டாக்கும் விதி இன்னொன்று. சாலையில் இடப்பக்கம் போ என்பது முதல் வகை. விதி இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால் கோல் என்பது இரண்டாம் வகை. அந்த விதி இல்லையென்றால் கோல் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. ஹாக்கியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. வட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டையில் பட்டுப் போனால்தான் கோல். வட்டத்துக்கு வெளியிலிருந்து நேராக அடித்து உள்ளே போன பந்து, எவ்வளவு அழகாகப் போனாலும், இல்லாத பந்து.

நம் இலக்கண மரபில் இலக்கியம் முன்னே, இலக்கணம் பின்னே என்று படித்தோம். வழக்கைக் கண்டு விதி செய்வது. விதிக்குள் அடங்காததற்குப் புறனடை எழுதுவது. நவீன விளையாட்டில் இந்த உறவு தலைகீழாகிவிட்டது. எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு அதைப் பெற்றெடுக்கும் விதியை எழுதுகிறார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தது. 1992இல் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றானது. 1990களின் நடுவில் சோதனையாக ஆஃப்சைடு நீக்கப்பட்டு 1998இல் அது நிரந்தரமானது. 2009இல் தனக்குத்தானே பாஸ் செய்துகொள்ளும் உரிமை வந்தது. பிறகு 35 நிமிடப் பாதிகள் இரண்டு போய் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு வந்தன. வேகம், தொடர்ச்சி, கோல், இடையில் விளம்பரத்துக்கு இடம்: இவைதான் அந்த விதிகளின் பொருளடக்கம்.

ஆனால் விதி எழுதுகிறவரின் உத்தேசத்தோடு விதி நின்றுவிடுவதில்லை. 'ஆசிரியன்' இங்கேயும் சர்வாதிகாரி அல்ல. பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பையன்கள் 'ஷார்ட் கார்னர்' என்பார்கள். அதில் முதல் முயற்சியை ஓங்கி அடித்தால் பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள், அதாவது கோல் பலகையின் உயரத்துக்குள், கோட்டைத் தாண்ட வேண்டும். தடுப்பவர்களின் தலையும் முகமும் தப்ப வேண்டும் என்பது இதன் நியாயம். ஆனால் அடிக்காமல் இழுத்துச் சுண்டினால் இந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. இந்த இடைவெளியில் பிறந்ததுதான் 'டிராக் ஃப்ளிக்'. பாதுகாப்புக்காக எழுதிய ஒரு வரி, உலக ஹாக்கியின் மிக ஆபத்தான ஆயுதத்தையும் அதற்கென்றே ஒரு தொழிலாளியையும் உண்டாக்கியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஆண்கள் அணி போட்ட கோல்கள் 15. அதில் 10 ஹர்மன்பிரீத் சிங் ஒருவருடையவை: 7 பெனால்டி கார்னர், 3 பெனால்டி ஸ்ட்ரோக். பத்தில் ஒன்றுகூட ஓடும் ஆட்டத்தில் வந்ததல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. விதி எந்த உடலை வேண்டுகிறதோ அந்த உடலை ஆட்டம் தயாரித்துத் தருகிறது என்கிறேன்.

3

இனி புள்ளிகள். ஆட்ட விதி மைதானத்துக்குள் வேலை செய்கிறது. புள்ளிமுறை மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு உள்ளே நடப்பதை இயக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அதிகாரம் என்று ஃபூக்கோவை வாசித்தவர்கள் சொல்வோமே, அதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

கடைசி ஐந்து நிமிடம், சமநிலை என்று வைத்துக்கொள்வோம். இறங்கி அடிக்கலாமா, பின்னால் நின்று காக்கலாமா? இறங்கினால் கோல் போடவும் செய்யலாம், வாங்கவும் செய்யலாம். வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என்ற பழைய கணக்கில் ஜெயித்தால் லாபம் 1, தோற்றால் நஷ்டம் 1. ஆகவே பாதிக்கு மேல் நம்பிக்கை இருந்தால்தான் இறங்குவான். வெற்றிக்கு 3 என்றாக்கினால் லாபம் 2, நஷ்டம் 1. மூன்றில் ஒரு பங்கு நம்பிக்கை போதும். வெற்றியின் விலையை ஒரு புள்ளி கூட்டினால் பயந்தவனும் துணிகிறான். கால்பந்தில் இங்கிலாந்து 1981இலேயே இதைச் செய்தது.

2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் இன்னும் ஒரு படி போனது. வெற்றிக்கு 5, சமனுக்கு 2, இரண்டு கோல் வித்தியாசத்துக்குள் தோற்றால் 1, அதற்கு மேல் தோற்றால் 0. சமனில் நிற்பவனுக்கு ஜெயித்தால் லாபம் 3, சிறு தோல்வியில் நஷ்டம் 1. நாலில் ஒரு பங்கு நம்பிக்கையே போதும். அதோடு மூன்று கோல் பின்தங்கியவனுக்கும் ஒரு கோலுக்காக ஓட ஒரு காரணம் கிடைக்கிறது. செத்த ஆட்டம் என்று ஒன்று இல்லாமல் செய்யப் பார்த்த முறை இது. தோற்பவனின் உழைப்புக்கும் ஒரு கூலி உண்டு என்று ஒப்புக்கொண்ட முறை என்ற வகையில் எனக்கு இதன்மேல் ஒரு பிரியமும் உண்டு.

2019இல் வந்த சர்வதேசப் புரோ லீக்கின் கணக்கு வேறு. நேரத்துக்குள் ஜெயித்தால் 3. சமன் என்றால் ஷூட்-அவுட், அதில் ஜெயித்தவருக்கு 2, தோற்றவருக்கு 1. எல்லா ஆட்டத்துக்கும் மொத்தம் 3 புள்ளி. பார்வைக்கு மிக நியாயமானது. ஆனால் அதே கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போவோம். சமபலம் உள்ள அணிகளுக்குச் சமனின் சராசரி மதிப்பு இப்போது ஒன்றரை. இறங்கி ஜெயித்தால் லாபம் ஒன்றரை, தோற்றால் நஷ்டம் ஒன்றரை. திரும்பவும் பாதிக்கு மேல் நம்பிக்கை வேண்டும். வெற்றிக்கு 3 என்று கொடுத்த துணிச்சலை ஷூட்-அவுட் போனஸ் சத்தமில்லாமல் திருப்பி வாங்கிவிட்டது! ஷூட்-அவுட்டில் 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடியில் ஒருவன் வருவான்; எதிரே கோல்கீப்பர் மட்டும். நல்ல கோல்கீப்பர் இருக்கும் அணிக்குச் சமனுக்காகக் காத்திருப்பது இன்னும் லாபம். 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கும் இந்த 3-2-1-0 முறைக்கே வந்திருக்கிறது.

இதன் உச்சத்தை வட அமெரிக்காவின் பனித்தரை ஹாக்கியில் பார்க்கலாம். அங்கே என்.எச்.எல். என்னும் தொழில்முறை லீக்கில் வெற்றிக்கு 2. 1999-2000 பருவத்திலிருந்து கூடுதல் நேரத்தில் தோற்றவருக்கும் 1. 2005-06இல் ஷூட்-அவுட்டும் சேர்ந்தது. நேரத்துக்குள் முடியும் ஆட்டத்தின் மொத்த மதிப்பு 2, இழுத்துக்கொண்டு போகும் ஆட்டத்தின் மதிப்பு 3. சமனில் நிற்பவன் இறங்கினால் லாபம் அரை, நஷ்டம் ஒன்றரை. முக்கால் பங்கு நம்பிக்கை இருந்தால்தான் அவன் அசைவான். எதிரிகள் இருவரும் பேசிக்கொள்ளாமலேயே கூட்டாளிகளாகிவிடுகிறார்கள். போட்டியை விற்கிற அமைப்பு, போட்டி போடாமல் இருப்பதற்குச் சன்மானம் கொடுக்கிறது. சந்தை தன்னைத்தானே கட்டுடைத்துக்கொள்ளும் இடம் இது.

4

2016இல் ஹாக்கி இந்தியா லீக் ஒரு விசித்திரமான விதி கொண்டுவந்தது. ஓடும் ஆட்டத்தில் போடும் ஃபீல்டு கோலுக்கு இரண்டு. பெனால்டி கார்னர் கோலுக்கு ஒன்று. கார்னர் நிபுணனை நம்பிக் காலம் தள்ளுவதை விட்டு ஆட்டக்காரர்கள் ஆட வேண்டும் என்பதே நோக்கம். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் பஞ்சாப் வாரியர்ஸ் கலிங்கா லான்சர்ஸை 6-1 என்று வென்றது. பழைய கணக்கில் அது 3-1. 'துவம்சம்' என்று வாசித்தவன் உண்மையில் கண்டது இரண்டு கோல் வித்தியாசம். செய்யுளில் அடியை மடக்கி எழுதினால் பக்கம் நிறையும், கவிதை நீளாது.

இதை நான் முதலில் வரவேற்றவன். கார்னர் கோலும் கூட்டாக நெய்த கோலும் ஒன்றில்லை; கொடிக்காலில்கூட தலைக்கொடி இலைக்கும் கிளைக்கொடி இலைக்கும் ஒரே விலை வைப்பதில்லை. ஆனால் காப்பவனின் இடத்தில் நின்று யோசித்தபோது விஷயம் புரண்டது. ஒரு பேச்சுக்கு, வட்டத்துக்குள் வந்துவிட்டவன் கோல் போட வாய்ப்பு பாதி என்றும், கார்னர் கோலாக வாய்ப்பு கால் என்றும் வைப்போம். பழைய கணக்கில் அவனை விட்டால் அரை கோல் நஷ்டம். தவறு செய்து கார்னர் கொடுத்தால் கால் கோல் நஷ்டம். தவறின் லாபம் கால். புதிய கணக்கில் விட்டால் ஒரு முழு கோல் நஷ்டம். கார்னர் கொடுத்தால் அதே கால்தான். தவறின் லாபம் இப்போது முக்கால். வேண்டுமென்றே செய்ததாகத் தெரிந்தால் பெனால்டி ஸ்ட்ரோக்கும் அட்டையும் வரும். ஆகவே தெரியாமல் காலில் பட்டதுபோல் செய்ய வேண்டும். அழகான ஆட்டத்துக்கு இரட்டைக் கூலி என்று அறிவித்த விதி, அந்த அழகை வெட்டுபவனுக்கு மூன்று மடங்கு கூலி கொடுத்தது. மறுபடி தொடங்கிய லீக்கில் இந்த விதி இல்லை.

தரத்துக்குப் பரிசு என்று எங்கே அறிவித்தாலும் இந்த ஆபத்து உண்டு. எழுத்துக்கும் இது பொருந்தும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

5

இப்போது என் நண்பனிடம் திரும்புகிறேன். ப்ளஸ் டூவுக்கு நாங்கள் இருவரும் கோவில்பட்டியில் விடுதியில் தங்கிப் படித்தோம். நான் லெஃப்ட் ஹாஃப், சுமாரான ஆட்டக்காரன். அவன் சென்டர் ஃபார்வர்டு. சரளை மண்ணில் பந்து எப்படித் துள்ளும் என்பது பந்துக்குத் தெரியுமுன் அவனுக்குத் தெரியும். ஒரு லீக் போட்டி. நாலு அணி ஒரு பிரிவு, முதலாவதாக வரும் அணி மட்டும் மேலே போகும். எங்கள் ஆட்டங்கள் முந்தின நாளே முடிந்துவிட்டன. இரண்டு வெற்றி, ஒரு சமன், தோல்வி இல்லை. மறுநாள் காலை மற்ற இரண்டு அணிகளின் ஆட்டம். ஒரு அணி ஒன்பது கோல் போட்டால் எங்களை முந்தலாம். போட்டது ஒன்பதுதான். எதிர் அணியின் கோல்கீப்பர் இரண்டாம் பாதியில் பேட்கூட ஒழுங்காகக் கட்டவில்லை. நாங்கள் வேலிக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

யார் நடத்திய போட்டி, எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமல்ல. யாரும் எந்த விதியையும் மீறவில்லை, அதுதான் முக்கியம். மேலே போயிருந்தால் மாநில அளவில் ஆடிய சான்றிதழ் கிடைத்திருக்கும். நகரத்து விமர்சகர்களுக்கு இது புரிவது கஷ்டம். கோவில்பட்டியில் மட்டை தூக்குகிற பையன் ஒலிம்பிக்கைக் கனவு காண்பது ராத்திரியில்தான்; பகலில் அவன் காண்பது ரயில்வே, போலீஸ், விளையாட்டு ஒதுக்கீடு. அந்தக் காகிதம் இருந்தால் ஒரு வரிசையில் நிற்கலாம். இல்லையென்றால் அந்த வரிசையே அவனுக்கு இல்லை. அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "நாம தோக்கலயேடே, அப்புறம் ஏன் வெளிய நிக்கோம்?"

ஜகார்த்தாவில் நடந்ததும் இதுதான், பெரிய அளவில். இந்தியாவும் பாகிஸ்தானும் 1-1. கார்த்தி தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் போட்ட ஆட்டம் அது. இருவரும் ஜப்பானிடம் தோற்றார்கள். இருவருக்கும் நாலு புள்ளி. இருவரையும் பிரித்தது இந்தோனேசியா. பாகிஸ்தான் அவர்கள்மேல் போட்டது 13, இந்தியா போட்டது 16. சொந்த மண்ணில் ஆடிய ஒரு அணி ஆட்டக்காரர்களாக இல்லாமல், மற்ற இருவரை அளக்கும் முழக்கோலாக ஆக்கப்பட்டது. பாகிஸ்தான் 2023 உலகக் கோப்பைக்கே போக முடியாமல் போயிற்று. விளிம்பின் உடம்பில்தான் மையத்தின் தகராறு தீர்க்கப்படுகிறது.

கைதட்டியவர்கள் மறந்துவிட்ட பின்குறிப்பு ஒன்று உண்டு. அடுத்த சுற்றில் இந்தியா ஜப்பானை 2-1 என்று வென்றது. மலேசியாவுடன் 3-3, தென்கொரியாவுடன் 4-4. மூன்று அணிகளுக்கும் ஐந்து புள்ளி. இறுதிக்குப் போனவர்கள் கொரியாவும் மலேசியாவும். ஒரு ஆட்டத்திலும் தோற்காத இந்தியா கோல் வித்தியாசத்தில் வெளியே. மலேசியா ஜப்பானை 5-0 என்று அடித்திருந்தது. ஐந்து நாளுக்கு முன் ஏற்றிவிட்ட ஏணியே இறக்கியும் விட்டது. டீக்கடையில் அன்றைக்கு யாரோ 'அநியாயம்' என்றார்கள். பதினாறு கோலின்போது அந்தச் சொல் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

6

இந்த இடத்தில் ஒரு சுலபமான கதையாடல் காத்திருக்கிறது: 'வெள்ளைக்காரன் விதியை மாற்றி நம் ஹாக்கியைக் கொன்றான்.' 1975இல் உலகக் கோப்பை வென்றோம், 1976இல் செயற்கைப் புல்லில் ஏழாவது இடத்துக்குப் போனோம் என்று ஆதாரமும் காட்டுவார்கள். பாதி உண்மை. செயற்கைத் தரைக்குக் காசு வேண்டும், நனைக்கத் தண்ணீர் வேண்டும். அந்த முடிவை எடுத்த மேசையில் ஏழை நாடுகளின் குரலுக்கு எடை இல்லை. ஆனால் இந்த 'நாம்' யார்? பெரிய நகரங்களில் செயற்கைத் தரை வந்து பல காலம் ஆன பிறகும் கோவில்பட்டிப் பையன்கள் மண்ணில்தான் ஓடினார்கள். மாண்ட்ரியலுக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்துத்தான் அந்த ஊருக்குச் செயற்கைப் புல் வந்தது. உலகம் இந்தியாவுக்குச் செய்ததை இந்தியா கோவில்பட்டிக்குச் செய்தது. முதல் அநீதியைப் பேசுகிற வாய் இரண்டாவதைப் பேசுவதில்லை.

விதியே இல்லாத தூய ஆட்டம் ஒன்று முன்னால் இருந்தது என்ற ஏக்கமும் எனக்கில்லை. எங்கள் கரையில் முத்துக்குளித்த காலத்திலும் பங்குமுறை இருந்தது. ஆங்கில அரசின் காலத்தில் படகில் வந்த சிப்பியை மூன்று குவியலாக்குவார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. குவியல்கள் சமமாக இருக்கும், அதில் ஏமாற்று இல்லை. பிரிப்பதில் நியாயம் இருந்தது. மூச்சடக்கி இறங்குபவனுக்கு மூன்றில் ஒன்று என்பதை யார் தீர்மானித்தது என்பதுதான் கேள்வி. 1961இல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்போடு அது முடிந்தது. கணக்கு சரியாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் வேறு வேறு என்பதை அந்தக் குவியல்களிலிருந்தே கற்றுக்கொண்டிருக்கலாம்.

ஆகவே சரியான புள்ளிமுறை எது என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லா முறையும் யாரையோ அளவுகோலாக்கும். ஆனால் குறைந்தபட்சம் இரண்டு விஷயங்களைக் கேட்கலாம். ஒன்று, பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவது. 1982 கால்பந்து உலகக் கோப்பையில், கிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்களுக்கு வேண்டிய 1-0ஐ அடைந்தபின் பந்தைத் தட்டிக்கொண்டு நின்று அல்ஜீரியாவை வெளியேற்றினார்கள். அதற்கடுத்த உலகக் கோப்பையிலிருந்து கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மைதானம் ஒன்றுதான் என்று நம் மாவட்டப் போட்டிகளில் சொல்வார்கள். பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறதே! இரண்டு, விதியை மாற்றும் மேசையில் ஆடுகிறவர்கள் உட்கார வேண்டும். 16-0இல் பூஜ்யத்தின் பக்கம் நின்றவர்களும்.

இதை எழுதி முடித்து நண்பனிடம் வாசித்துக் காட்டினேன். என் சதவீதக் கணக்குகளைப் பொறுமையாகக் கேட்டான். வெற்றிலைக் கட்டைத் தண்ணீர் தெளித்துச் சாக்கில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "எல்லாம் சரிதாம்டே. அந்தக் கோல்கீப்பர் பய பேட் கட்டாம நின்னானே, அவன எழுதலயே நீ. அவனுக்கு யாரு என்ன சொல்லி அனுப்புனாங்களோ."

அவனைப் பற்றி எழுத எனக்கு எதுவும் தெரியாது. பெயரே தெரியாது. ஒன்பது கோலையும் எண்ணிய நாங்கள் அவன் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.